முதலில் வாய்க்காலை அடைக்க வேண்டும்

கேள்வி இது: "கரிச்சதுப்பு நிலங்களை மீட்டெடுத்தால் காலநிலை, தண்ணீர், பல்லுயிர் என எல்லாவற்றுக்கும் நல்லது என்கிறார்கள். உலக நிலப்பரப்பில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு மட்டுமே உள்ள சேற்று நிலத்தால் அவ்வளவு ஆகிவிடுமா? அதை மறுபடி நனைத்தால் மீத்தேன் கிளம்பாதா? பேசாமல் அங்கே மரம் நட்டுவிட்டால் என்ன?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நல்ல எண்ணம் கொண்டவர்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான்.

ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஃப்ளோ கன்ட்ரி என்ற கரிச்சதுப்பு வெளி இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர். 1980களில் மரம் வளர்ப்பில் பணம் போடுவோருக்கு அங்கே வரிச்சலுகை கிடைத்தது. வரியை மிச்சம்பிடிக்க நினைத்தவர்களின் பணம் அந்தச் சதுப்புக்குள் பாய்ந்தது. நிலத்தை உழுது, சால் வெட்டி, நீரை வடித்து, வெளிநாட்டு ஊசியிலை மரக் கன்றுகளை வரிசை வரிசையாக ஊன்றினார்கள். 1988 பட்ஜெட்டில் சலுகை போனது, மரங்கள் நின்றன. இப்போது அதே இடத்தில் அந்த மரங்களை வெட்டிச் சாய்த்து, சால்களை அடைத்து, சதுப்பை மீட்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டிருக்கிறது. 2024இல் யுனெஸ்கோ அந்த வெளியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காலநிலையைக் காக்க மரத்தை வெட்டுகிறார்கள் என்று சொன்னால் எவருக்கும் முதலில் நம்ப முடியாது. அங்கே மரத்தைவிட மரத்தின் காலடியில் இருப்பதுதான் பெரிய சொத்து. வடிகாலும் வேரும் சேர்ந்து அந்தச் சொத்தை உலர்த்திக் கரைக்கின்றன.

அது என்ன சொத்து? செடி செத்தால் மட்கும். நுண்ணுயிர்கள் அதைத் தின்று, அதிலிருந்த கார்பனைக் காற்றுக்கே திருப்பித் தந்துவிடும். ஆனால் ஆண்டு முழுவதும் நீர் நிரம்பி நிற்கும் இடத்தில் ஆக்சிஜன் உள்ளே நுழைவதில்லை. மட்கும் வேலை பாதியில் நின்றுபோகிறது. பாதி மட்கிய அந்தச் செடிக்குவியல் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகிறது. பாடநூல்கள் அதை முற்றா நிலக்கரி என்கின்றன; பொதுவழக்கில் பீட். பீட் சேர்ந்த சதுப்புதான் கரிச்சதுப்பு. அது சேரும் வேகம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான். ஐந்து மீட்டர் ஆழப் பீட்டின் அடியில் கிடப்பது ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய செடி.

மட்காமல் இருப்பது என்றால் எந்த அளவுக்கு என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1950இல் டென்மார்க்கில் பீட் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு மனிதனின் உடலைக் கண்டு, அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துக் காவல்துறைக்குச் சொல்லி அனுப்பினார்கள். தலையில் தோல் தொப்பி, முகத்தில் ஓரிரு நாள் தாடி, நெற்றியில் சுருக்கம், எல்லாம் அப்படியே இருந்தன. டோலுண்ட் மனிதன் என்று இன்று அழைக்கப்படும் அவன் இறந்து சுமார் 2,400 ஆண்டுகள் ஆகியிருந்தன.

குளிர்நாட்டுச் சதுப்புகளில் இந்த வேலையைச் செய்வது ஸ்பேக்னம் என்ற பாசி. அதற்கு வேர் கிடையாது. அதன் உடலில் பெரும்பகுதி செத்த, வெற்றறைகள். தன் உலர்ந்த எடையைப் போல இருபது மடங்கு நீரை அவற்றில் பிடித்துவைக்கும். சுற்றிலும் அமிலத்தைக் கூட்டிப் போட்டிச் செடிகளை விரட்டும்; மட்கவைக்கும் நுண்ணுயிர்களின் கையையும் கட்டிப்போடும். முதல் உலகப்போரில் பஞ்சு பற்றாக்குறையானபோது இந்தப் பாசியையே காயங்களுக்கு வைத்துக் கட்டினார்கள். மேலே வளர்ந்துகொண்டும் கீழே செத்துக்கொண்டும் இருக்கும் இந்தச் சிறு செடி தன் வீட்டைத் தானே கட்டி, அதன் நீர்மட்டத்தையும் தானே உயர்த்திக்கொள்கிறது. வெப்பமண்டலத்தில் அந்த இடத்தை மரங்கள் பிடித்துக்கொள்கின்றன. போர்னியோ, சுமத்ரா, காங்கோ ஆகிய இடங்களில் பீட் என்பது நீரில் விழுந்து மட்காமல் கிடக்கும் இலையும் கிளையும் வேரும்தான்.

பரப்பு சிறிது என்பது சரி. ஆனால் அந்தச் சிறு பரப்பில் ஏறத்தாழ 60,000 கோடி டன் கார்பன் அடைபட்டிருக்கிறது; உலகக் காடுகளின் மரங்களில் உள்ளதைப் போல சுமார் இரு மடங்கு. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கனமீட்டர் பீட்டில் சுமார் 50 கிலோ கார்பன் இருக்கும். ஒரு ஹெக்டேரில் ஒரே ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பீட் இருந்தால் 500 டன். செழித்த மழைக்காடு ஒன்றில் தரைக்கு மேலே நிற்பது ஹெக்டேருக்கு 200 டன் அளவில். பல சதுப்புகளில் பீட்டின் ஆழம் ஐந்து மீட்டரையும் பத்து மீட்டரையும் தாண்டுகிறது. காட்டைப் படமெடுக்கலாம், செயற்கைக்கோளில் அளக்கலாம். பீட்டை அறிய நீண்ட கம்பியைக் கையால் குத்தி இறக்க வேண்டும். காங்கோ நதிப்படுகையின் நடுவே 1,45,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் சுமார் 3,000 கோடி டன் கார்பன் கிடக்கிறது என்பதற்கு முதல் வரைபடம் 2017இல்தான் வந்தது. இங்கிலாந்தைவிடப் பெரிய நிலம் அது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஈரமாக இருக்கும்வரை இது சேமிப்பு. வாய்க்கால் வெட்டி நீரை இறக்கினால் அன்றே செலவு தொடங்கிவிடும். காற்று உள்ளே புகும்; ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பட்டினி கிடந்த நுண்ணுயிர்கள் விருந்தில் அமரும். தீப்பெட்டி தேவையில்லை, அது நெருப்பில்லாத எரிதல். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகக் கரிச்சதுப்புகளில் சுமார் 12 விழுக்காடு பீட் உருவாக முடியாத அளவுக்குச் சீரழிந்துவிட்டது. வடித்து உலர்த்திய நிலங்களிலிருந்து மட்டும் மனிதச் செயல்களால் வரும் பசுமை இல்ல வாயுக்களில் ஏறத்தாழ 4 விழுக்காடு வெளியேறுகிறது. வானில் பறக்கும் விமானங்கள் அனைத்தும் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடைவிட அதிகம் இது. புகைக்கூண்டு இல்லாததால் யார் கண்ணிலும் படுவதில்லை.

கண்ணில் படும்படி ஒருவர் ஏற்பாடு செய்துவைத்தார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பகுதியில் ஹோம் ஃபென் என்ற இடத்தில் பெரிய ஏரி ஒன்றை வடித்தபோது, 1851இல் ஓர் இரும்புத் தூணைப் பீட்டுக்குள் இறக்கி, அதன் உச்சி தரைமட்டத்தில் இருக்கும்படி பொருத்தினார்கள். நிலம் அமிழும் என்று அப்போதே தெரிந்திருக்கிறது. இன்று அந்தத் தூணின் உச்சி தரைக்கு மேலே சுமார் நான்கு மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தூண் வளரவில்லை; நிலம்தான் போய்விட்டது. ஒரு பகுதி அழுந்திச் சுருங்கியது, மற்றது காற்றில் கலந்தது. இப்போது அந்த இடம் கடல்மட்டத்துக்கும் கீழே. நெதர்லாந்தில் பல பகுதிகள் கடலுக்குத் தாழ்ந்துபோன கதையும் இதேதான். வடித்தால் நிலம் தாழும், தாழ்ந்தால் மறுபடி நீர் நிற்கும், இன்னும் ஆழமாக வடிக்க வேண்டும், இன்னும் தாழும். இந்தச் சுழலுக்குள் ஒருமுறை புகுந்தவர்கள் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வெப்பமண்டலத்தில் எல்லாம் வேகம். சுமத்ராவில் எண்ணெய்ப்பனைக்காகவும் காகிதக்கூழ் மரத்துக்காகவும் வடித்த பீட், முதல் சில ஆண்டுகளின் பெருஞ்சரிவுக்குப் பிறகும், ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் வீதம் தாழ்கிறது. ஐம்பது ஆண்டில் சேர்ந்தது ஓராண்டில் போகிறது என்று பொருள். எண்ணெய்ப்பனை நிற்கும் வடித்த பீட்டில் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் சுமார் 40 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதாக ஐ.பி.சி.சி. (காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு) வழிகாட்டி கணக்கிடுகிறது. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு கார் விடுவது 2 டன் அளவில்தான்.

அப்புறம் உண்மையான தீயும் இருக்கிறது. 1995இல் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ, போர்னியோத் தீவின் மத்திய களிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை நெல்வயலாக்க உத்தரவிட்டார். 4,000 கிலோமீட்டருக்கும் மேல் வாய்க்கால் வெட்டினார்கள். அமிலமும் சத்துக்குறைவும் கொண்ட அந்த மண்ணில் நெல் விளையவில்லை. 1997இல் எல் நினோ வறட்சி வந்தது. உலர்ந்த பீட் பற்றிக்கொண்டது. பீட் தீ மேலே கொழுந்துவிடாது. மண்ணுக்கடியில் கனன்றுகொண்டே நகரும். ஓரிடத்தில் அணைத்தால் வேறிடத்தில் புகையும். நீர்மட்டத்தை உயர்த்தும் பெருமழை வந்தால்தான் ஓயும். அந்த ஆண்டு இந்தோனேசியாவின் பீட்டும் காடும் எரிந்து வெளியான கார்பன் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை இருக்கும் என்று 2002இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. உலகம் முழுவதும் அப்போது ஓராண்டில் எரித்த நிலக்கரி, எண்ணெய், எரிவாயு வெளியேற்றத்தில் 13 முதல் 40 விழுக்காடு. 1999இல் திட்டம் கைவிடப்பட்டது; வாய்க்கால்கள் பெரும்பாலும் திறந்தே கிடந்தன. 2015இல் மறுபடி எரிந்தது. 26 லட்சம் ஹெக்டேர் கருகியது. 1,600 கோடி டாலர் இழப்பு என்றது உலக வங்கி.

இந்த வரலாற்றைச் சொல்லாமல் மீட்பைப் பேச முடியாது. நோய் வாய்க்கால் என்றால் மருந்து வாய்க்காலை அடைப்பது. கன்று நடுவது, பாசி தூவுவது, பறவைக் கணக்கெடுப்பு எல்லாம் அதற்குப் பிறகு.

அடைப்பது என்றால் மண்ணைக் கொட்டி மூடுவதல்ல. இதில் நிறையப் பணம் வீணாகியிருக்கிறது. சதுப்பு பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் பல இடங்களில் அது மெல்லக் குவிந்த மேடு. மழைநீரை மட்டுமே நம்பி நடுவில் உயர்ந்து, ஓரத்தை நோக்கிச் சரியும். அந்தச் சரிவில் ஓடும் வாய்க்காலின் வாயில் ஒரு பெரிய அணை கட்டினால், கீழே கொஞ்சம் தேங்கும், மேலே உலர்ந்தே கிடக்கும். பக்கத்துப் பீட் இளகியது. நீர் அணையைச் சுற்றிக் குடைந்துகொண்டு போய்விடும். ஆகவே படிக்கட்டுபோல அடுத்தடுத்துச் சிறு தடுப்புகள் வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நீர்மட்ட வேறுபாடு முழங்காலளவைத் தாண்டக் கூடாது. குளிர்நாடுகளில் பெரும்பாலும் அதே சதுப்பின் ஈரப் பீட்டையே வெட்டி, இறுக்கி அடைக்கிறார்கள். களிமந்தானில் மரச்சட்ட அணைகள். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு: வெட்டிய வாய்க்கால் ஊராருக்குப் படகுவழி ஆகிவிட்டது. படகு போக இடம் விடாமல் கட்டிய அணையை இரவோடிரவாக உடைத்தார்கள் என்றால் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடுவில் படகு கடக்கும் மடை வைத்துக் கட்டிய அணைகள் நிலைத்தன.

எவ்வளவு உயர்த்த வேண்டும்? 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு பல நாட்டு அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தது. மண்வகை, பயிர் எல்லாவற்றையும்விட ஒன்றுதான் வாயு வெளியேற்றத்தைத் தீர்மானிக்கிறது: நீர்மட்டம் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்பது. தரைக்கு முப்பது சென்டிமீட்டர் கீழே நீர் வரும்வரை, ஒவ்வொரு பத்து சென்டிமீட்டர் உயர்வும் ஹெக்டேருக்கு ஆண்டுக்குக் குறைந்தது மூன்று டன் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான வெளியேற்றத்தைக் குறைக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது, எல்லாமோ ஒன்றுமில்லையோ என்ற கட்டாயம் இல்லை என்பது. மேய்ச்சல் நிலத்தை முழுதாகச் சதுப்பாக்க முடியாதவர்கூட மட்டத்தைப் பாதி உயர்த்தினால் பலன் உண்டு. ஆனால் பாதி உயர்த்திவிட்டு மீட்டுவிட்டோம் என்று அறிவிப்பதுதான் பிழை. இந்தோனேசிய விதிப்படி தோட்டங்களில் நீர்மட்டம் 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. தீயைத் தடுக்க அது உதவும், பீட் கரைவதை மெதுவாக்கும், நிறுத்தாது. மேலே நாற்பது சென்டிமீட்டரில் நுண்ணுயிர்களின் விருந்து தொடர்கிறது.

அளக்கும் கருவி எளியது. துளையிட்ட பிளாஸ்டிக் குழாயைப் பீட்டுக்குள் இறக்கி, உள்ளே நீர் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மீட்புத் திட்டத்தின் அறிக்கை கையில் கிடைத்தால் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, வறட்சிக்காலக் கடைசியில் அந்தக் குழாய்கள் என்ன காட்டின என்ற பக்கத்தைத் தேடுவேன். பல அறிக்கைகளில் அந்தப் பக்கம் இருக்காது.

இரண்டாவது கேள்வி, மீத்தேன். நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியது. நனைத்த சதுப்பில் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் உண்டாக்கும். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். முதல் சில ஆண்டுகளில், அதிலும் புல்வெளியை அப்படியே மூழ்கடித்தால், அழுகும் புல்லிலிருந்து மீத்தேன் கொட்டும். இருந்தும் நனைப்பதே சரி. மீத்தேன் காற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு இருந்து சிதைந்துவிடும். ஓரளவில் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் காற்றிலுள்ள அதன் அளவு ஒரு மட்டத்தில் நிலைகொள்ளும், ஏறிக்கொண்டே போகாது. வடித்த நிலம் விடும் கார்பன் டை ஆக்சைடோ பல நூற்றாண்டுகள் தங்கும். ஒவ்வோராண்டும் முந்தையதன்மேல் குவியும். ஒன்று, நீர் விழ விழ மடைவழியே வடிந்துபோகும் தொட்டி; மற்றது மடையில்லாத் தொட்டி. 2020இல் வந்த ஓர் ஆய்வு இதை மாதிரிகளில் ஓட்டிப் பார்த்து, நனைப்பதைத் தள்ளிப்போடுவதுதான் வெப்பத்தைக் கூட்டும் என்று காட்டியது. வடித்த நிலத்தின் வாய்க்கால்களே மீத்தேன் விடுகின்றன என்பதும், உரமிட்ட பீட் வயல் அதைவிடக் கடுமையான நைட்ரஸ் ஆக்சைடை விடுகிறது என்பதும் கணக்கில் மறக்கப்படுகின்றன. கைப்பக்குவமும் உதவும்: ஏரிபோல மூழ்கடிக்காமல் நீரைத் தரைக்குச் சமமாக, அல்லது ஓரங்குலம் கீழே நிறுத்தினால் மீத்தேன் வெகுவாகக் குறைகிறது, உரமேறிய மேல்மண்ணை முன்பே வழித்து எடுத்துவிட்டால் இன்னும் குறைகிறது.

நீர் திரும்பியதும் பாசி தானே வருமா? சிறிய காயமென்றால் வரும். இயந்திரம் வைத்துப் பீட்டைச் சுரண்டி எடுத்த வெற்றுக் கறுப்பு வெளியில் வராது; வெயிலில் அந்த மேற்பரப்பு நீரையே தள்ளிவிடும் பொடியாகிவிடுகிறது. இதற்குக் கனடாவின் கியூபெக்கில் லவால் பல்கலைக்கழகத்தின் லைன் ரோஷ்ஃபோர் குழு ஒரு முறையை உருவாக்கியது. உயிருள்ள சதுப்பிலிருந்து மேலாக்கில் பாசியைச் சீவி எடுத்து, துண்டாக்கி, சமன்செய்த வெளியில் விதைபோலத் தூவுகிறார்கள். ஒரு ஹெக்டேர் பாசி பத்து ஹெக்டேருக்குப் போதும்; சீவிய இடமும் சில ஆண்டில் தேறிவிடும். தூவியதன்மேல் வைக்கோல் பரப்பி நிழல் தந்து, கொஞ்சம் பாஸ்பேட் இட்டு, வாய்க்காலை அடைத்துவிட வேண்டும். 1999இல் இப்படி மீட்கத் தொடங்கிய புவா-தே-பெல் என்ற சதுப்பில், பதினான்கு ஆண்டு கழித்து அளந்தபோது, கார்பன் மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. நல்ல செய்தி. அந்தப் பதினான்கு ஆண்டு என்ற எண்ணையும் மனத்தில் வையுங்கள்; ஐந்தாண்டு நிதித் திட்டங்களுக்கு அது ஒத்துவருவதில்லை.

தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது எல்லாரும் சதுப்பைப் பஞ்சு என்கிறார்கள். பாதிதான் சரி. நல்ல நிலையில் உள்ள சதுப்பு ஏற்கெனவே நிரம்பியது. நனைந்த பஞ்சின்மேல் வாளி நீரை ஊற்றினால் அது எங்கே உறிஞ்சும்? அங்கே வெள்ளத்தைத் தணிப்பது சொரசொரப்பு. பாசிமெத்தைக்குள் நுழைந்து நுழைந்து வரும் நீருக்கு வேகம் போய்விடுகிறது. வெற்றுப் பீட்டிலும் ஓடைவெட்டிலும் அது சறுக்கிக்கொண்டு இறங்குகிறது. இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில், ஆலைப்புகையின் அமிலத்தாலும் தீயாலும் மேய்ச்சலாலும் மொட்டையாகிக் கிடந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டில் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். ஹெலிகாப்டரில் புதர்க்கழிவும் சுண்ணாம்பும் விதையும் கொண்டுவந்து பரப்பி, ஓடைவெட்டுகளில் கல் தடுப்பு வைத்த பிறகு, அதே மழைக்கு வெள்ளத்தின் உச்சம் தாழ்ந்தது, வந்துசேரவும் நேரமெடுத்தது. அது சிறு நீர்ப்பிடிப்பில் கிடைத்த முடிவு. நதியின் கீழ்க்கோடியில் உள்ள நகரத்தைப் பெருவெள்ளத்திலிருந்து சதுப்பு காப்பாற்றும் என்று யாராவது எழுதினால் நான் நம்புவதில்லை.

நீரின் தரத்தில் நன்மை இன்னும் தெளிவு. சிதையும் பீட்டிலிருந்து வரும் நீர் தேநீர் நிறத்தில் இருக்கும். கரைந்த கரிமப் பொருள் அது. குளோரின் சேர்க்கும்போது அதனுடன் வினைபுரிந்து டிரைஹாலோமீத்தேன் போன்ற வேண்டாத சேர்மங்கள் உண்டாகின்றன; அதைத் தவிர்க்க முன்கூட்டியே நிறத்தை நீக்க வேண்டும், அதற்குச் செலவு. பிரிட்டனில் குடிநீர் நிறுவனங்கள் தங்கள் நீர்த்தேக்கங்களுக்கு மேலேயுள்ள சதுப்பை மீட்கப் பணம் கொடுப்பது பரோபகாரத்தால் அல்ல. சுத்திகரிப்புச் செலவைக் கணக்குப் பார்த்துத்தான். மீட்புக்கு நிலையாகப் பணம் வரும் வழிகளில் எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது இதுதான். கார்பன் வரவுச் சீட்டு விற்பதைவிட நேர்மையானது. பலன் யாருக்கு, செலவு யாருக்கு என்பது ஒரே ஆற்றோரத்தில் தெரிந்துவிடுகிறது.

பல்லுயிரில் எண்ணிக்கையைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். சதுப்பு, உயிரினங்கள் நெருக்கியடித்து வாழும் இடமல்ல. வேறெங்கும் வாழ முடியாதவை வாழும் இடம். சத்தில்லாத மண்ணில் பூச்சியைப் பிடித்துத் தின்று பிழைக்கும் அழுகண்ணிச் செடிகள் அங்கே உண்டு. சுமத்ராவின் கரிய அமில நீரில் பீடோசைப்ரிஸ் என்ற மீன் 2006இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. வளர்ந்த பெண்மீன் எட்டு மில்லிமீட்டருக்கும் சிறிது. உலகின் மிகச் சிறிய முதுகெலும்பிகளில் ஒன்று. அதே வகைக் காட்டின் மேலடுக்கில் ஒராங்குட்டான். போர்னியோவின் செபாங்காவ் சதுப்புக்காடு அவற்றின் பெரிய புகலிடங்களில் ஒன்று. மரம் கடத்த வெட்டிய நூற்றுக்கணக்கான சிறு வாய்க்கால்களை அங்கே அடைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் நீர்க்கதிர்க்குருவி என்று சொல்லத்தக்க ஒரு சிறு பறவை, கோரை வளர்ந்த சதுப்புகளை மட்டுமே நம்பியிருக்கிறது. போலந்தின் பியெப்ஜா போன்ற சில இடங்களில்தான் அது இன்னும் நிறையக் கூடு கட்டுகிறது.

மீட்டால் இவை எல்லாம் திரும்புமா? 2021இல் ஐரோப்பாவில் 320 நனைத்த சதுப்புகளையும் ஏறத்தாழ இயல்பான நிலையில் உள்ள 243 சதுப்புகளையும் ஒப்பிட்டார்கள். பல பத்தாண்டுகள் கழிந்தும் நனைத்தவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உயரமான சம்பும் நாணலும் ஆண்டன. அருகிய பழைய செடிகள் வரவில்லை. உலர்ந்து இறுகிய பீட், மழைக்கு உப்பிக் கோடைக்குத் தாழ்ந்து மூச்சுவிடும் திறனை இழந்திருந்தது. உரம்படிந்த மண் பாஸ்பரஸை விட்டுக்கொண்டிருந்தது. கார்பனைப் பொறுத்தவரை இது வெற்றிதான், கசிவு நின்றுவிட்டது. பல்லுயிரைப் பொறுத்தவரை புதியதொரு சதுப்பு கிடைத்திருக்கிறது, பழையது அல்ல. இரண்டையும் ஒரே சொல்லால் மீட்பு என்று அழைப்பதில்தான் குழப்பம் வருகிறது.

நிலத்தில் பிழைப்பவர்களைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. ஜெர்மனியில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேற்பட்ட சதுப்பு வடிக்கப்பட்டுவிட்டது. அந்நாட்டின் பசுமை இல்ல வாயுக்களில் சுமார் 7 விழுக்காடு அங்கிருந்துதான் வருகிறது. அந்த நிலத்தில் பால் மாடு வளர்க்கும் குடும்பங்களிடம் நனையுங்கள் என்று சொல்வது எளிது. ஈரத்திலேயே விளைவதைப் பயிரிடலாம் என்று கிரைஃப்ஸ்வால்டு ஆய்வாளர்கள் தொண்ணூறுகளிலிருந்து சொல்லிவருகிறார்கள்: கூரைக்கு நாணல், சுவர்க்காப்புப் பலகைக்குச் சம்பு, நாற்றங்கால் ஊடகத்துக்கு ஸ்பேக்னம். மால்சின் என்ற சிற்றூரில் ஈரப் புல்வெளியின் வைக்கோலை எரித்து வீடுகளுக்கு வெந்நீர் அனுப்பும் நிலையம் 2014 முதல் ஓடுகிறது. யோசனை நல்லது, சந்தை இன்னும் சிறியது. ஈரநிலத்தில் அமிழாமல் ஓடும் அறுவடை இயந்திரமே தனிச்செலவு. 2024இல் நிறைவேறிய ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், விவசாயத்திலுள்ள வடித்த பீட் நிலத்தில் 30 விழுக்காட்டை 2030க்குள் மீட்க வேண்டும், அதில் குறைந்தது கால்பங்கை நனைக்க வேண்டும் என்கிறது. கால்பங்கு என்பதைக் கவனியுங்கள். மீதி முக்கால்பங்கை நனைக்காமல் எப்படி மீட்பார்கள் என்பதை நாடுகளின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டார்கள்.

தோட்டப் பிரியர்களுக்கு இடையில் ஒரு சொல்: ஐரோப்பாவில் பூந்தொட்டி மண் என்று பையில் விற்பதில் பெரும்பகுதி இப்படிச் சுரண்டிய பீட்தான். கோகோ பீட் என்பது பெயரில் மட்டும் பீட்; அது தென்னை நார்க்கழிவு.

முதல் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். அவ்வளவு ஆகுமா என்றால், வடித்த நிலத்தை நனைப்பது காற்றிலிருந்து கார்பனைப் பெரிதாக இழுத்துக்கொள்ளாது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்தானே வளர்கிறது. அது ஓட்டையை அடைக்கிறது, அவ்வளவே. ஆனால் மனித வெளியேற்றத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு ஓட்டை, அதுவும் மிகக் குறுகிய பரப்பில். அந்தக் கணக்கில் எனக்கு வரிசை இப்படி: முதலில் இன்னும் ஈரமாக உள்ளவற்றைத் தொடாமல் விடுவது, அடுத்து, வெப்பமண்டலத்தில் எவருக்கும் பயனின்றிக் கிடக்கும் வாய்க்கால்களை அடைப்பது, பிறகு குளிர்நாட்டு மேய்ச்சல் நிலங்களில் மட்டத்தை உயர்த்துவது. கன்று நடுவது, சுதேசி சதுப்பு மரங்களாகவே இருந்தாலும், நீர் திரும்பிய இடங்களில் மட்டும்.

முதல் வரிசையில் உள்ள காங்கோ சதுப்பு இன்னும் பெருமளவு ஈரமாகவே இருக்கிறது. அங்கே பெரிய வடிகால் வாய்க்கால்கள் இல்லை. 2022 ஜூலையில் காங்கோ ஜனநாயகக் குடியரசு ஏலத்துக்கு அறிவித்த எண்ணெய், எரிவாயுத் தொகுதிகளில் சில அந்தச் சதுப்பின்மேலேயே அமைந்திருந்தன. அங்கே துளையிடப் போனால் முதலில் வருவது சாலை. ஈர மண்ணில் சாலை போட்டால் அதன் ஓரத்தில் வெட்டப்படுவது ஒரு வடிகால்.